எத்தனை உருப்படி?

சிங்கப்பூரின் டோபி காட் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மூன்று எண்கள் இருக்கின்றன. சிவப்பில் 24, ஊதாவில் 6, ஆரஞ்சில் 1. வடக்கு–தெற்குப் பாதை, வடகிழக்குப் பாதை, வட்டப்பாதை மூன்றும் அங்கே சந்திக்கின்றன. ஒவ்வொரு பாதையும் தன் கணக்குப்படி ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. வட்டப்பாதையில் வந்து இறங்கி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போக ரயில் மாறும் வழியில், என் பேத்தி அந்தப் பலகைக்குக் கீழே நின்றுவிட்டாள். நான்கு வயது. "பாட்டி, ஒரு ஸ்டேஷனுக்கு எதுக்கு மூணு நம்பர்?"

சனிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம் எங்களை உரசிக்கொண்டு போனது. அவளைச் சுவரோரம் நிறுத்தி, "உனக்கு எத்தனை பேரு?" என்று கேட்டேன். பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று, அவள் அப்பா மட்டும் கூப்பிடுவது ஒன்று. விரல்விட்டு எண்ணினாள். "மூணு. அப்ப ஸ்டேஷனுக்கும் மூணு பேரா?" ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நான் ஒரு ஆளுதானே."

பாலர் பள்ளிகளில் பதினெட்டு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது. எண் சில இடத்தில் அளவு, சில இடத்தில் வரிசை, சில இடத்தில் வெறும் பெயர். 65ஆம் எண் பேருந்து வந்தால் அறுபத்தைந்து பேருந்துகள் வருவதில்லை. இந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சித் தாளும் அவளுக்குக் கற்பித்திருக்கவில்லை. பலகை கற்பித்தது, அவளுடைய மூன்று பெயர்கள் கற்பித்தன. அன்றைக்கு அவளிடம் நான் கணக்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

இந்த இடத்தின் பெயரே ஒரு கணக்குப் பள்ளியின் பெயர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. டோபி என்றால் இந்தியில் சலவை செய்பவர், காட் என்றால் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் ஆர்ச்சர்ட் ரோட்டை ஒட்டி ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி வெளுத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். ஓடை பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. 1987இல் அங்கே ரயில் வந்தது, 2003இல் வடகிழக்குப் பாதையும் 2010இல் வட்டப்பாதையும் வந்து சேர்ந்தன. துணி போய்விட்டது, துறையும் போய்விட்டது. பெயர் மட்டும் ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஒலிக்கிறது.

பல வீட்டுத் துணியை ஒன்றாக ஓடையில் முக்கி எடுத்து, யார் வீட்டுச் சட்டை யார் வீட்டுக்கு என்று பிசகாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். ஊரில் அந்தக் கணக்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் ஒரு குறி வைப்பார்கள். இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் எங்கள் வீடு. எத்தனை வெளுப்பு கண்டாலும் அது போகாது. அம்மா துணி போடும்போது சமையலறைச் சுவரில் கரியால் கோடு இழுப்பாள். துணிக்கு ஒரு கோடு. வாரம் கழித்து மூட்டை திரும்பி வரும்போது ஒவ்வொரு துணியாக எடுத்து வைத்து ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுக்கொண்டே வருவாள். கோடு தீர்ந்து துணியும் தீர்ந்தால் சரி. எண்ணின் பெயரே வாயில் வராமல் நடக்கிற எண்ணிக்கை அது. ஒன்றுக்கு ஒன்று. மனிதக் கணக்கின் முதல் படியே அதுதான்.

மூட்டையை இறக்கி வைத்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி: "எத்தனை உருப்படி?"

உருப்படி என்ற சொல்லை இங்கே கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வேட்டி நான்கு முழம், சேலை ஒன்பது கெஜம், கைக்குட்டை ஒரு சாண். ஒன்று பட்டு, ஒன்று பருத்தி. ஒன்று அப்பாவுடையது, ஒன்று தொட்டில் பிள்ளையுடையது. இவை எதிலும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஆனால் உருப்படி என்று சொல்லிவிட்டால் எல்லாம் சமம். சேலையும் ஒன்று, கைக்குட்டையும் ஒன்று. ரோஷல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் 1978இல் குழந்தைகள் எண்ணை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஒரு நூல் எழுதினார்கள். எண்ணுவதற்கு அடிப்படையாக ஐந்து விதிகளைச் சொன்னார்கள். பொருளுக்கு ஒரு சொல் மட்டும். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். எங்கே தொடங்கி எண்ணினாலும் மொத்தம் மாறாது. இன்னொன்று, எது எதுவாக இருந்தாலும் ஒன்றாகச் சேர்த்து எண்ணலாம். இந்தக் கடைசி விதியை விளக்க எத்தனையோ பக்கம் எழுதலாம். எங்கள் அம்மாவுக்கு அது ஒரு சொல்.

பேத்தி இருபது வரை சொல்வாள். விருந்தினர் வந்தால் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகியிருந்தது. ஒருநாள் அவள் முன்னால் முறுக்குத் தட்டை வைத்து, "தாத்தாவுக்கு அஞ்சு முறுக்கு எடுத்துக் குடு" என்றேன். கைகொள்ளுமட்டும் அள்ளிக் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன், எட்டு. "இது அஞ்சா?" "ஆமா, அஞ்சு." முகத்தில் துளி சந்தேகம் இல்லை. மறுபடி, மூன்று கேட்டேன். சரியாக மூன்று வந்தது. நான்கு கேட்டேன், மறுபடி ஒரு கைப்பிடி.

அவள் மனதில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை எண்கள். நான்கிலிருந்து இருபது வரை பாட்டு. கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் இதே போன்ற சோதனையைச் சின்னக் குழந்தைகளிடம் செய்து காட்டினார். கடகடவென்று எண்ணத் தெரிந்த பிள்ளைகள், மூன்று பொம்மை கொடு என்றால் அள்ளிக் கொடுக்கிறார்கள். ஒன்று என்பதன் பொருள் பிடிபட்டு, பிறகு இரண்டு பிடிபட, பிறகு மூன்று பிடிபட மாதக்கணக்காகிறது. நூறு வரை சொல்கிறான் என்று பெற்றோர் பெருமைப்படும்போது நான் மறுத்ததில்லை. வரிசை தெரிவதும் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளை நூறு வரை தெரிந்தவன் அல்ல. நூறு வரை பாடத் தெரிந்தவன்.

இந்த இடத்தில்தான் என் மனக்குறை. சிங்கப்பூரின் கணிதப் பாடமுறைக்கு உலகம் முழுக்க மதிப்பு. 2022இல் நடந்த பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் நம் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கணிதத்தில் 575 புள்ளி எடுத்து முதலிடத்தில் நின்றார்கள். அந்தப் பாடமுறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், முதலில் கையில் பொருள், பிறகு தாளில் படம், அதற்கும் பிறகுதான் எண்ணும் குறியும் என்ற வரிசையில் இருக்கிறது. உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன கருத்தை எடுத்து 1980களில் இங்கே வகுப்பறைக்கு ஏற்றபடி ஆக்கினார்கள். கல்வி அமைச்சின் பாலர் கல்விக் கட்டமைப்பும் எண்களை அன்றாட அனுபவத்தில் பயன்படுத்துவதைத்தான் குறிக்கோளாக வைக்கிறது. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் தேர்வே கிடையாது. நாடு இத்தனை தூரம் இறங்கி வந்து, அவசரம் வேண்டாம், பிள்ளையை விளையாட விடுங்கள் என்கிறது. நாம்தான் வீட்டில் முதல் இரண்டு படியையும் தாண்டி மூன்றாம் படிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போடுகிறோம்.

ஒரு தாய் தன் ஐந்து வயது மகனின் துணைப்பாடத் தாளை என்னிடம் காட்டினார். பக்கம் முழுக்க இரண்டிலக்கக் கூட்டல். ஓரங்களில் சிரிக்கும் யானை, பலூன், வானவில். "விளையாட்டா இருக்கட்டும்னுதான் டீச்சர் இப்படிப் போட்டிருக்காங்க" என்றார். பையன் யானைக்கு மட்டும் வண்ணம் தீட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தான். அவனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கணக்கின் மேல் யானையை ஒட்டினால் அது விளையாட்டு ஆகாது. விளையாட்டுக்குள் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, அதை வெளியே எடுக்கத் தெரிந்தால் போதும்.

அஞ்சாங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சின்ன முக்கோணத் துணிப்பைகளில் பயறோ அரிசியோ அடைத்துத் தைத்து விளையாடுவார்கள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. ஒரு கல்லை மேலே எறிந்து, கீழே கிடக்கும் நான்கை எடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக. அடுத்து இரண்டிரண்டாக. அடுத்து மூன்றும் ஒன்றுமாக. கடைசியில் நாலையும் ஒரே அள்ளில். நான்கு என்ற எண்ணை உடைக்கும் பல விதங்கள் அந்த ஆட்டத்தில் வந்துவிடுகின்றன. தொடக்கநிலை ஒன்றில் 'நம்பர் பாண்ட்' என்று வட்டம் போட்டுக் கோடிழுத்துச் சொல்லித்தருவது இதைத்தான். நான்கு வயதுக் கைக்கு எறிந்து பிடிக்க வராது, பிடிக்கவும் வேண்டாம். நான் நான்கு பையை எடுத்து, சிலதை ஒரு கிண்ணத்தால் மூடிவிட்டு, வெளியே தெரிவதைக் காட்டி, "உள்ள எத்தனை?" என்பேன். கிண்ணத்தைத் தூக்கும் முன் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒளிந்திருப்பதை மனக்கண்ணால் பார்க்கும் முயற்சி அது. கழித்தல் என்று பின்னாளில் பெயர் சொல்வார்கள்.

பல்லாங்குழியும் அப்படியே. மலாய் வீடுகளில் அதற்கு அண்ணன் தம்பி உறவாகச் சொங்காக் இருக்கிறது. குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகையில், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து ஆட்டம். ஒரு கட்டத்துக்கு மேல் பிள்ளை எண்ணுவதில்லை. நான்கு முத்துகளைக் கண்ட மாத்திரத்தில் "பசு!" என்று கத்துகிறாள். எண்ணாமலே அளவைக் கண்டுகொள்கிற அந்தக் கண்தான் பின்னால் பெரிய கணக்குகளைத் தாங்கும் கண். இங்கே பூங்காக்களில் சாகா மரத்தடியில் சிவப்பாக உதிர்ந்து கிடக்கும் ஆனைக்குன்றிமணியைப் பொறுக்கி வந்தால் போதும். நான்கு மணி ஏறக்குறைய ஒரு கிராம் எடை. பொன் நிறுக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அதன் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மொழியைப் பற்றி. தமிழ் பேசும் வீடுகளிலும் எண் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. "பால் வாங்கிட்டு வா" என்பது தமிழ், "டூ பாக்கெட்" என்பது ஆங்கிலம். பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில்தானே, குழந்தை குழம்பிவிடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காடு. 2020இல் அது 27.9. இந்தச் சரிவில் எண்ணுக்கான சொற்கள்தான் முதலில் உதிர்ந்தவை என்பது என் அனுபவம்.

எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் பத்துக்கு அடுத்து வருவது லெவன், ட்வெல்வ். அவற்றில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குக் கேட்காது. ஃபோர்ட்டீன் என்றால் நான்கு முன்னால், பத்து பின்னால். எழுதும்போது தலைகீழ். தமிழில் பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு. பத்து முன்னால் நிற்கிறது, மிச்சம் பின்னால். 14 என்று எழுதுகிற அதே வரிசை. சீன மொழியிலும் இப்படித்தான், இன்னும் துல்லியமாக. கெவின் மில்லரும் அவர் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகளும் சீனக் குழந்தைகளும் பத்து வரை எண்ணுவதில் வேறுபடவில்லை. பத்தைத் தாண்டியதும்தான் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினார்கள். நம் மொழியின் கதவும் அதே பக்கம் திறந்திருக்கிறது. திறந்த கதவைச் சாத்திவிட்டுச் சுற்றுவழியில் போகிறோம்.

தமிழிலும் மேடு பள்ளம் உண்டு, மறைக்கவில்லை. பேத்தி பன்னிரண்டைப் 'பதிரெண்டு' என்றாள். இருபதைத் தாண்டி எண்ணத் தொடங்கியபோது, இருபத்தொன்பதுக்கு அடுத்து 'இருபத்திப்பத்து' என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்காத சொல்லை ஒரு பிள்ளை உண்டாக்குகிறது என்றால், அதற்குள் இருக்கும் விதியைக் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். இருபதுடன் பத்து, முப்பது. கூட்டல் சரி. பெயர்தான் தெரியவில்லை. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்பது இன்னும் விசித்திரம். ஒன்பதில் பத்தின் சாயல், தொண்ணூறில் நூறு, தொள்ளாயிரத்தில் ஆயிரம். ஒவ்வொன்றும் தான் இன்னும் எட்டாத அடுத்த படியின் பெயரைச் சுமந்து நிற்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் ஒரு பெயர் இருந்தது. நான்கு வயதுக்கு இதெல்லாம் வேண்டாம். எட்டு வயதில் ஒருநாள் இதைச் சொன்னால் பிள்ளை வாய் பிளந்து கேட்கும்.

பின்னங்களும் நம் வாயில் சிரமமில்லாமல் புழங்குகின்றன. கால், அரை, முக்கால், ரெண்டரை. தோசையை மடித்தால் அரை, மறுபடி மடித்தால் கால். தம்பியின் துண்டு தன்னுடையதைவிடப் பெரிதா என்று பார்க்கும் பிள்ளைக்குச் சமபங்கு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். வடகிழக்குப் பாதையின் ரயில் வந்தது. கதவுக்கு மேலே நிலையங்களின் வரிசை. "நாம இப்ப ஆறுல ஏறியிருக்கோம். தேக்கா எத்தனையில?" பார்த்தாள். "ஏழு." ஒரே நிலையம், அதற்குள் வந்துவிடும். ஆறும் ஒன்றும் ஏழு என்பது அவளுக்கு ஒரு பயணம். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வை வகுப்பில் நான் பலமுறை நினைத்திருக்கிறேன். வசதி குறைந்த வீட்டுப் பாலர் பிள்ளைகள், ஒன்று முதல் பத்து வரை நேர்க்கோட்டில் கட்டம் போட்ட ஒரு பலகையில் காய் நகர்த்தி விளையாடினார்கள். நான்கு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம்போல. அவ்வளவில் எண்களின் அளவையும் வரிசையையும் பற்றிய அவர்கள் அறிவு கண்கூடாக வளர்ந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அது நடக்கவில்லை. அந்தப் பலகை ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் கதவுக்கு மேலே இலவசமாகத் தொங்குகிறது. காய்க்குப் பதிலாக நாமே நகர்கிறோம்.

அவள் வரிசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். "பாட்டி, ஒண்ணு இருக்கு. மூணு இருக்கு. ரெண்டு எங்க?" உண்மைதான். வடகிழக்குப் பாதையில் ஹார்பர்ஃபிரண்ட் 1, அடுத்தது ஊட்ரம் பார்க் 3. இரண்டாம் எண்ணில் நிலையம் இல்லை. எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பாதையில் போயிருக்கிறேன், எனக்குக் கண்ணில் பட்டதில்லை. "ரெண்டு காலியா இருக்கு" என்றேன். "காலின்னா?" "அங்க ஒண்ணும் இல்ல." "ஒண்ணும் இல்லன்னா அது சீரோதானே?"

சீரோ என்றதும் எனக்குக் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி நினைவுக்கு வந்தார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தின் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். அவர் வடிவமைத்த கருவிகளில் ஒன்று, பத்து அறைகள் கொண்ட மரப்பெட்டி. ஒன்பது வரை எண்ணுக்கேற்றபடி குச்சி போட வேண்டும். முதல் அறையின் எண் 0. பிள்ளைகள் எல்லா அறையும் நிரப்பிவிட்டு அந்த வெற்று அறையைப் பார்த்து நிற்பார்கள். ஒன்றும் இல்லாததற்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது அங்கே அவர்களுக்குத் தெரிகிறது. என் பேத்திக்கு அது நிலத்துக்கடியில், ஓடும் ரயிலில் தெரிந்தது. காலியாக இருக்கும் இரண்டுக்கும் சீரோவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அன்றைக்குத் தீர்த்துவைக்கவில்லை. கதவு திறந்துவிட்டது. அந்தக் கேள்வி அவளிடமே இருக்கட்டும்.

இப்படி எண்ணைப் பேச்சில் கொண்டுவருவதற்கே பலன் உண்டு. சூசன் லெவினும் அவர் குழுவினரும் அமெரிக்க வீடுகளில் பெற்றோர் தம் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் எண்ணைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்று பதிவு செய்து 2010இல் வெளியிட்டார்கள். மொத்தம் ஏழரை மணி நேரப் பதிவில் ஒரு வீட்டில் 4 எண் சொற்கள், இன்னொரு வீட்டில் 257. எண் பேச்சு மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் நான்கு வயதை எட்டும்போது எண்ணின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். இதற்குப் பணம் வேண்டாம், தாள் வேண்டாம், துணைப்பாடம் வேண்டாம். பேசினால் போதும்.

எங்கள் வீட்டில் துணி மடிப்பது இப்போது பேத்தியும் நானும். கொடியிலிருந்து எடுத்த துணியைக் கட்டிலில் குவிக்கிறேன். அவள் காலுறைகளுக்கு ஜோடி தேடுகிறாள். ஒன்று எப்போதும் தனியாக மிஞ்சும். ஜோடி சேராத எண்ணை ஒற்றை என்று அவள் அங்கே கற்றாள். முடித்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, என் அம்மாவின் குரலில் அவளே கேட்கிறாள், "எத்தனை உருப்படி?" இருவரும் எண்ணுகிறோம். அவள் தாத்தாவின் வேட்டியில் தொடங்குவாள், நான் கைக்குட்டையில் தொடங்குவேன். பத்தொன்பதில் வந்து முடிகிறது, இருவருக்கும்.

இன்று உங்கள் வீட்டில் துணி மடிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை உருப்படி என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், இன்னொரு தடவை சேர்ந்து எண்ணுங்கள்.